கார் ஏற்றும் டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழ்பவர்களுக்குச் சொந்தக் காரை இன்னொரு வண்டியின் பின்னால் ஏற்றிச் செல்ல வேண்டிய தேவை ஏதோ ஒரு கட்டத்தில் வந்துவிடுகிறது. வேலை மாறி டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிபெயரும் குடும்பம் இரண்டாவது காரையும் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஓடாத பழைய கார் ஒன்றைப் பக்கத்து மாநிலத்தில் வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுவர வழி தேடுவார். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே ஒரு சிறிய காரை வைத்திருப்பவர், திரும்பும் வழியில் அது பழுதானாலும் வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காக டிரெய்லர் ஒன்றை வாங்க நினைப்பார். இவர்களில் பெரும்பாலோர் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து நீளத்தைப் பார்க்கிறார்கள், எடையைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. எடைக் கணக்கு முடிந்த பிறகே நீளத்துக்கும் விலைக்கும் பொருள் உண்டு என்பதால், இந்தக் கட்டுரையும் எடையிலிருந்தே தொடங்குகிறது. அங்குள்ள வண்டிகளிலும் டிரெய்லர்களிலும் எண்கள் பெரும்பாலும் பவுண்டில் பொறிக்கப்பட்டிருப்பதால் அதே அளவையே இங்கும் பயன்படுத்துகிறேன். 1,000 பவுண்டு என்பது ஏறத்தாழ 454 கிலோ.

கழித்துப் பார்க்க வேண்டிய எண்

ஒவ்வொரு டிரெய்லரின் முன்பகுதியிலும், வழக்கமாக இடப்புறத்தில், தயாரிப்பாளர் ஒட்டிய ஒரு தகடு இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எழுத்துகளுக்கு எதிரே உள்ள எண்தான் டிரெய்லரும் அதன்மேல் உள்ள பாரமும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை. '7,000 பவுண்டு டிரெய்லர்' என்று விற்பவர் சொல்லும்போது, அதன்மேல் 7,000 பவுண்டு ஏற்றலாம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணிலிருந்து டிரெய்லரின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே ஏற்றக்கூடிய பாரம். இரும்புச் சட்டமும் மரப்பலகைத் தளமும் கொண்ட 18 அடி டிரெய்லர் வெறுமனே ஏறக்குறைய 2,000 பவுண்டு இருக்கும். ஆகவே 7,000 பவுண்டு டிரெய்லரில் ஏற்றக்கூடியது சுமார் 5,000 பவுண்டுதான். வின்ச் (ஓடாத காரைக் கம்பியால் இழுத்து ஏற்றும் கருவி), உதிரி டயர், கருவிப்பெட்டி, கட்டும் பட்டைகள் ஆகியவற்றைச் சேர்த்தால் அதுவும் இன்னும் குறையும்.

அடுத்து, ஏற்றப்போகும் காரின் எடை. மாஸ்டா மியாட்டா சுமார் 2,400 பவுண்டு. ஹோண்டா சிவிக் 2,900 பவுண்டுக்கு அருகில். டொயோட்டா கேம்ரி 3,400 பவுண்டு அளவில். மின்சாரக் கார்களுக்குப் பழைய மதிப்பீடுகள் உதவாது. டெஸ்லா மாடல் ஒய் 4,400 பவுண்டை நெருங்குகிறது. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் 6,000 பவுண்டைத் தாண்டுகிறது. ரிவியன் ஆர்1டி ஏறத்தாழ 7,000 பவுண்டு. பார்வைக்கு ஒரே அளவில் இருக்கும் இரண்டு கார்களுக்கிடையே பேட்டரி ஒன்றினால் மட்டுமே 1,000 பவுண்டுக்கு மேல் வேறுபாடு வரக்கூடும் என்பதால், கண்ணளவை நம்பாமல் அந்தக் காரின் கையேட்டில் உள்ள எடையை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்ரி ஒன்றுக்கு 7,000 பவுண்டு டிரெய்லர் தாராளமாகப் போதும். லைட்னிங் போன்ற வண்டிக்கு ஒவ்வொன்றும் 5,200 பவுண்டு தாங்கும் அச்சுகள் இரண்டைக் கொண்ட 10,000 பவுண்டு வகை டிரெய்லர் தேவை. அதன் சொந்த எடை 2,700 பவுண்டு என்றால் 7,300 பவுண்டு வரை ஏற்ற இடமிருக்கும். டிரெய்லரை அதன் உச்ச எடைவரை நிரப்பி ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. இயன்றவரை ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்குமாறு தேர்ந்தெடுத்தால் டயர்களும் பிரேக்குகளும் நீண்ட காலம் உழைக்கும்.

இழுக்கும் வண்டி தாங்குமா?

பெரும்பாலான வீடுகளில் திட்டம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிசி போன்ற குடும்ப வேன்களின் இழுவைத் திறன் 3,500 பவுண்டு. டொயோட்டா ஹைலேண்டரின் பெட்ரோல் வகைக்கு 5,000 பவுண்டு. அதன் ஹைப்ரிட் வகைக்கு 3,500 பவுண்டு மட்டுமே. கேம்ரியையும் 2,000 பவுண்டு டிரெய்லரையும் சேர்த்தால் 5,400 பவுண்டு ஆகிறது. எனவே ஹைலேண்டரின் பின்னால் கேம்ரியை இரும்பு டிரெய்லரில் ஏற்றிச் செல்ல முடியாது. சிவிக்கை 1,500 பவுண்டு அலுமினிய டிரெய்லரில் ஏற்றினால் 4,400 பவுண்டில் நிற்கும். மியாட்டாவை ஏற்றினால் 3,900 பவுண்டில் நிற்கும். அலுமினிய டிரெய்லருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நடுத்தர அளவு வண்டி வைத்திருப்பவருக்கு வீண் செலவாகாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். முழு அளவுப் பிக்கப் வைத்திருப்பவருக்கு அந்த 500 பவுண்டு சேமிப்பு அவ்வளவு பெரிதல்ல. அவர் இரும்பையே வாங்கலாம்.

விளம்பரத்தில் வரும் இழுவைத் திறனை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விக்கும் ஓரளவு நல்ல விடை இருக்கிறது. முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி இந்த எண்ணை அறிவித்து வந்தார்கள். பின்னர் வாகனப் பொறியாளர்களின் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்ற பொதுத் தரம் வந்தது. டொயோட்டா அதை 2011 மாடல்களில் முதலில் ஏற்றுக்கொண்டது, மற்ற பெரிய பிக்கப் தயாரிப்பாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து கோல்டன் வேலியை நோக்கி ஏறும் 11.4 மைல் டேவிஸ் டேம் மலைச்சாலையை, கடும் வெப்பத்தில் ஏ.சி. முழு வேகத்தில் ஓட, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது அந்தத் தரத்தில் உள்ள சோதனைகளுள் ஒன்று. இந்தத் தரத்தின்படி அறிவிக்கப்பட்ட எண்ணை நம்பலாம். ஆனாலும் அது அந்த மாடலில் மிகவும் திறன் வாய்ந்த வகையின் எண்ணாக இருக்கக்கூடும். உங்கள் வண்டியின் எஞ்சின், பின்அச்சுப் பல்விகிதம், டோவிங் பேக்கேஜ் (இழுவைக்கென்று தயாரிப்பாளர் பொருத்தித் தரும் கூடுதல் பாகங்கள்) ஆகியவற்றைப் பொறுத்து அது பல ஆயிரம் பவுண்டு குறையலாம்.

இழுவைத் திறனைவிட முன்னதாகவே தீர்ந்துபோவது இழுக்கும் வண்டியின் சுமைத் திறன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் மஞ்சள் நிறம் கொண்ட ஒரு ஒட்டுத்தாள் தெரியும். பயணிகளும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். நடுத்தரப் பிக்கப் ஒன்றில் அந்த எண் 1,500 என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் பின்னால் டிரெய்லரை இணைக்கும் ஹிட்சின் மேல் டிரெய்லர் அழுத்தும் எடை 750 பவுண்டு, பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவருமாகக் குடும்பத்தின் எடை 550 பவுண்டு, ஹிட்ச் சாதனங்கள் 80 பவுண்டு, பின்தட்டில் பெட்டிகள் 200 பவுண்டு என்றால் மொத்தம் 1,580. அந்தப் பிக்கப்பின் இழுவைத் திறன் 9,000 பவுண்டாக இருந்தாலும், இழுப்பது 6,000 பவுண்டாகவே இருந்தாலும், வண்டி வரம்பைத் தாண்டிவிட்டது. பின்தட்டில் உள்ள பெட்டிகளை இறக்கினால்தான் கணக்கு சரியாகும்.

முன்பாரம்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்தே மூட்டைகளை அடுக்குவார்கள். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தை இழுக்கும். டிரெய்லரிலும் இதே விதிதான். ஹிட்ச் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையைத் தொழிலில் 'டங் வெயிட்' என்கிறார்கள். நான் முன்பாரம் என்றே எழுதுகிறேன். பாரம் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இது இருக்க வேண்டும். 5,400 பவுண்டு டிரெய்லருக்கு 540 முதல் 810 பவுண்டு.

முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் ஆடத் தொடங்கும். ஒரு லாரி கடந்து செல்லும் காற்று, இறக்கத்தில் கூடும் வேகம், பக்கவாட்டில் ஒரு சிறு திருப்பம் என எதுவும் அதைத் தூண்டிவிடும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, இழுக்கும் வண்டியையே திருப்பிப்போடும் வலிமை பெறும். அப்போது இழுக்கும் வண்டியின் பிரேக்கை மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஓட்டுநர் அருகிலுள்ள கன்ட்ரோலர் மூலம் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்துவதே சரியான வழி. முன்பாரம் மிகுந்தாலோ இழுக்கும் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்பு தளர்ந்து, ஸ்டியரிங்கும் பிரேக்கும் மந்தமாகும்.

டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டிய காரணம், காரை ஓர் அடியாவது முன்னும் பின்னும் நகர்த்தும் அளவுக்குத் தளத்தில் நீளம் இருந்தால்தான் முன்பாரத்தைச் சரிசெய்ய முடியும் என்பதே. முன்னால் எஞ்சின் உள்ள காரில் எடை முன்பக்கம் கூடுதலாக இருக்கும். அதைச் சற்றுப் பின்தள்ளி நிறுத்த வேண்டியிருக்கும். பின்னால் எஞ்சின் உள்ள போர்ஷே 911 போன்ற காரைப் பின்பக்கமாக ஏற்றுவது சில நேரங்களில் நல்ல பலன் தரும். காரின் நீளத்துக்குச் சரியாக அளந்து வாங்கிய டிரெய்லரில் இந்த வசதிக்கெல்லாம் இடமே இருக்காது. சரியான இடம் கிடைத்ததும் தளத்தில் சக்கரம் நிற்கும் இடத்தைப் பெயிண்டால் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

அளப்பதும் எளிது. லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் உள்ள கேட் (CAT) என்ற நிறுவனத்தின் எடைமேடையில், முதலில் டிரெய்லருடன் நின்று எடை எடுங்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, அதே ஆட்களுடனும் சாமான்களுடனும் வண்டியை மட்டும் எடை எடுங்கள். முதல் சீட்டில் வண்டியின் இரு அச்சுகளும் காட்டிய கூட்டெடையிலிருந்து இரண்டாவது சீட்டின் எடையைக் கழித்தால் முன்பாரம் கிடைக்கும். அதனுடன் டிரெய்லர் அச்சுகளின் எடையைக் கூட்டினால் டிரெய்லரின் முழு எடை கிடைக்கும். சில டாலர் செலவில் ஊகங்கள் அனைத்தும் தீர்ந்துவிடும்.

திறந்த தளமா, மூடியதா, டாலியா?

முன்சக்கரங்களை மட்டும் தூக்கி, பின்சக்கரங்களைச் சாலையில் உருளவிட்டு இழுக்கும் டாலிதான் மிகவும் எடை குறைந்த வழி. யூ-ஹால் என்ற வாடகை நிறுவனம் தரும் டாலி 750 பவுண்டுதான்; அதனால் கேம்ரியையும் சேர்த்து 4,150 பவுண்டில் முடிந்துவிடும். முன்சக்கர இயக்கமுள்ள காருக்கு இது போதும். நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் உள்ள காரையும் மின்சாரக் காரையும் இப்படி இழுக்கலாகாது. சக்கரங்கள் உருளும்போது கியர்ப்பெட்டியோ மோட்டாரோ சேர்ந்து சுழன்று சேதமாகும். பின்சக்கர இயக்கமுள்ள காருக்கு டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற வேண்டியிருக்கும். டாலியோடு பின்னோக்கி வண்டியை எடுப்பதும் ஏறத்தாழ இயலாத காரியம். தவறான பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால் காரை இறக்கி, டாலியைக் கழற்றித்தான் வெளியே வர வேண்டியிருக்கும். நெடும்பயணத்துக்கு நான் டாலியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாத திறந்த டிரெய்லரே பெரும்பாலோருக்குப் பொருத்தமானது. ஒரே ஒருமுறை குடிபெயர்வதற்காக என்றால் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். யூ-ஹாலின் கார் டிரெய்லர் வெறுமனே 2,210 பவுண்டு. அதில் 5,290 பவுண்டு வரை ஏற்றலாம். மொத்தம் 7,500 பவுண்டைத் தாண்டக்கூடாது. மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. இந்த 2,210 பவுண்டை மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன சிவிக்கை அதில் ஏற்றினால் 5,110 பவுண்டு ஆகி, ஹைலேண்டரின் வரம்பைத் தாண்டும். கார் சிறியது என்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

மூடிய டிரெய்லர் மழை, உப்பு, கல்லெறிபோல் தெறிக்கும் ஜல்லி, திருட்டு ஆகியவற்றிலிருந்து காரைக் காக்கிறது. பழங்காலக் கார்களைச் சேகரிப்பவர்களுக்கு அது நியாயமான தேவை. ஆனால் 20 முதல் 24 அடி வரையுள்ள மூடிய டிரெய்லரின் எடை மட்டுமே 3,000 முதல் 4,500 பவுண்டு வரை போகும். அதன் செங்குத்தான முன்சுவர் காற்றை எதிர்த்து நிற்பதால் எரிபொருள் செலவு கடுமையாகக் கூடும். பக்கக்காற்றிலும் அது தள்ளாடும். அரை டன் பிக்கப்பை (எஃப்-150 போன்ற வகையை) நம்பி இதை வாங்குவதற்கு முன் கணக்கை இருமுறை போட்டுப் பாருங்கள்.

நீளமும் அகலமும்

கேம்ரியின் நீளம் 16 அடி. அதற்கு 18 அடித் தளம் வேண்டும். நான்கு கதவுகளுள்ள முழு அளவுப் பிக்கப்புக்கு, அதன் நீளம் 19 அடியைத் தாண்டுவதால், 20 முதல் 22 அடி வரையுள்ள தளம் வேண்டும். 16 அடித் தளம் மியாட்டா அளவுள்ள கார்களுக்கு மட்டுமே. தேவைக்கு மேல் நீளமாக வாங்குவதிலும் கேடு உண்டு: எடை கூடும், வளைவுகளில் உள்சக்கரம் நடைபாதைமேல் ஏறும், வீட்டு வாசலில் நிறுத்த இடமிருக்காது.

வெளிப்புற அகலம் 102 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், சக்கரங்களின் இருபுற மட்கார்டுகளுக்கு இடையே உள்ள தளத்தின் அகலம் வழக்கமாக 82 அல்லது 83 அங்குலம். கேம்ரியின் அகலம் 72 அங்குலத்துக்குச் சற்று மேல் என்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தங்குலம்தான் மிஞ்சும். காரை ஏற்றி நிறுத்திய பிறகு ஓட்டுநர் கதவு மட்கார்டில் இடித்து நிற்பதும், ஓட்டுநர் ஜன்னல் வழியாக வெளியேறுவதும் இதனால்தான். ஓட்டுநர் பக்க மட்கார்டைக் கழற்றும் வசதியோ, அதன்மேலேயே காரை ஓட்டிச் செல்லும் வசதியோ உள்ள டிரெய்லர் சில நூறு டாலர் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

தாழ்வான கார்களுக்கு ஏறுகோணம் முக்கியம். தளத்தின் கடைசி இரண்டடி சற்றே கீழிறங்கும் அமைப்பும், ஐந்தடிக்குக் குறையாத சாய்பலகைகளும் சாதாரணக் கார்களுக்குப் போதும். பந்தயக் கார்களுக்கும் தரையோடு ஒட்டிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இன்னும் நீளமான பலகைகளோ, தளமே பின்னோக்கிச் சாயும் வகையோ தேவைப்படும். ஓடாத காரை ஏற்ற வேண்டியவர் வின்ச் பொருத்துவதற்கான இரும்புத் தகடு முன்பகுதியில் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரேக்குகள்

3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்பது அமெரிக்காவின் பல மாநிலங்களின் சட்டம். சில மாநிலங்களில் இந்த வரம்பு இன்னும் குறைவு. ஒன்டாரியோவில் 1,360 கிலோ. கார் ஏற்றிய எந்த டிரெய்லரும் இந்த எல்லையைக் கடந்துவிடும் என்பதால், பிரேக் இல்லாத கார் டிரெய்லரை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது. ஒரே அச்சில் மட்டும் பிரேக் உள்ளவை மலிவாகக் கிடைக்கும். இரண்டு அச்சுகளிலும் பிரேக் உள்ளவற்றையே தேடுங்கள்.

பிரேக்கில் இரண்டு வகை உண்டு. சர்ஜ் பிரேக்கில், முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையே கப்ளருக்குள் (ஹிட்ச் பந்தின்மேல் பூட்டும் டிரெய்லரின் முனைக்குள்) இருக்கும் பிஸ்டனை அழுத்திப் பிரேக் பிடிக்கச் செய்கிறது. முன்வண்டியில் எந்தக் கருவியும் தேவையில்லை என்பதால் வாடகை டிரெய்லர்களில் இதுவே வழக்கம். மின்பிரேக்குக்கு ஓட்டுநர் அருகில் கன்ட்ரோலர் ஒன்றும், ஏழு முனை மின்இணைப்பும் வேண்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கும்போது அதன் பிரேக்கை மட்டும் தனியே அழுத்த வேண்டும் என்று மேலே சொன்னேன். சர்ஜ் பிரேக்கில் அது முடியாது. சொந்தமாக வாங்குபவர் மின்பிரேக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அதுவே முதற்காரணம். கன்ட்ரோலரிலும், முன்வண்டி வேகம் குறையும் அளவுக்கு ஏற்பப் பிரேக்கை அழுத்தும் 'புரபோர்ஷனல்' வகையை வாங்குங்கள். டிரெய்லர் கழன்று பிரிந்தால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் பிரேக்அவே சுவிட்சுக்கு ஒரு சிறிய பேட்டரி உண்டு. பழைய டிரெய்லர்களில் அது செத்துக் கிடப்பதே வழக்கம்.

ஹிட்ச் பந்தின் அளவும் உயிர்காக்கும் விஷயம்தான். கார் டிரெய்லர்களில் 2 அங்குலப் பந்தும் 2-5/16 அங்குலப் பந்தும் பயன்படுகின்றன. 2-5/16 அங்குலக் கப்ளரை 2 அங்குலப் பந்தின்மேல் வைத்தாலும் அது பூட்டிக்கொண்டது போலவே தோன்றும். முதல் பெரிய குழியில் கழன்றுவிடும். பந்தின் தலையில் அளவும் தாங்கும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும், படித்துப் பாருங்கள். ரிசீவர் (வண்டியின் அடியில் பொருத்திய சதுரக் குழாய்), பந்தைத் தாங்கும் கம்பி, பந்து, கப்ளர், சங்கிலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. அவற்றுள் மிகக் குறைந்ததுதான் உங்கள் வரம்பு. பல வண்டிகளில் 5,000 பவுண்டுக்கு மேல் இழுக்க, எடையைப் பகிர்ந்து முன்அச்சுக்கும் அனுப்பும் ஹிட்ச் கட்டாயம் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சும் டயரும்

ஒற்றை அச்சு டிரெய்லரில் டயர் வெடித்தால் தப்புவது கடினம். கார் ஏற்ற இரட்டை அச்சே வேண்டும். லீஃப் ஸ்பிரிங் அமைப்பில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உள்ள இணைப்பு பாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும். ஸ்பிரிங்குக்குப் பதில் அச்சுக் குழாய்க்குள் ரப்பர் உள்ள டார்ஷன் அச்சுகள் மென்மையாக ஓடும், ஆனால் அவற்றுக்கிடையே அந்தப் பகிர்வு இல்லை. டிரெய்லரின் மூக்கு உயர்ந்து நின்றால் பாரம் முழுவதும் பின்அச்சில் விழும். டார்ஷன் அச்சு வாங்குபவர், டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்கும் உயரத்தில் பந்தை அமைத்தே ஆக வேண்டும்.

டயர் விஷயத்தில் விற்பனையாளர்கள் எவ்வளவு சிக்கனம் பிடிக்கிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு: எஸ்.டி. (டிரெய்லர்களுக்கென்றே செய்த டயர்) 205/75ஆர்15 அளவில் சி சுமை வகை டயர் ஒன்று 1,820 பவுண்டு தாங்கும். நான்கும் சேர்ந்து 7,280. 7,000 பவுண்டு டிரெய்லருக்கு இதில் மிச்சம் 280 பவுண்டுதான். காற்று சிறிது குறைந்தாலே அதுவும் போய்விடும். அதே அளவில் டி வகை டயர் 65 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 2,150 பவுண்டு தாங்கும், நான்குக்கு 8,600. ரிம் அந்த அழுத்தத்தைத் தாங்குமானால் வாங்கும்போதே டி வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர்கள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம் என்பதால், பட்டன்கள் புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு ஆண்டு பழைய டயரை மாற்றிவிட வேண்டும். வேகக் குறியீடு எதுவும் அச்சிடப்படாத எஸ்.டி. டயர்கள் வழக்கமாக மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓட்டுவதற்கானவை அல்ல. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் 55 மைல்தான் சட்ட வரம்பு.

காரைக் கட்டும் இடங்கள்

தளத்தின் நான்கு மூலைகளிலும், இரும்புச் சட்டத்தோடு பற்றவைத்த டி-வளையங்கள் இருக்க வேண்டும். மரப்பலகையில் மட்டும் திருகியவற்றை நம்பாதீர்கள். 2 அங்குல ராட்செட் பட்டையின் வேலைப்பளு வரம்பு 3,333 பவுண்டு. பட்டையில் பெரிதாக எழுதியிருக்கும் 10,000 என்பது அது அறுந்துபோகும் எடை. வணிக வண்டிகளுக்கான மத்திய விதி முன்னும் பின்னுமாக இரண்டு கட்டுகளாவது வேண்டும் என்கிறது; நான்கு மூலைகளிலும் கட்டுவதே என் பரிந்துரை. பழைய கார்களில் அச்சைச் சுற்றிக் கட்டலாம். இன்றைய கார்களிலும், அடிப்புறம் முழுவதும் பேட்டரியால் மூடப்பட்ட மின்சாரக் கார்களிலும், சக்கரத்தைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைகளே பாதுகாப்பானவை. அவற்றைக் கட்டுவதற்குச் சக்கரத்தின் முன்னும் பின்னும் வளையங்களோ தண்டவாளப் பட்டியோ தேவைப்படும் என்பதால், டிரெய்லரை வாங்கும்போதே அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

பழைய டிரெய்லரும் சட்டமும்

பழையதை வாங்குவதில் தவறில்லை. ஏ-வடிவ முன்சட்டம் தளத்தோடு சேரும் இடத்தில் விரிசலோ, புதிதாகப் பெயிண்ட் பூசிய பற்றவைப்போ இருந்தால் திரும்பிவிடுங்கள். டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கிறது என்று பொருள். பலகைகளைக் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். தகட்டில் உள்ள வி.ஐ.என். (வண்டியின் அடையாள) எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் செய்த டிரெய்லர்களுக்கு நம்பத்தக்க எடை வரம்பு எதுவும் இருப்பதில்லை, அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

பல டிரெய்லர்களின் தகட்டில் 9,990 பவுண்டு என்று விசித்திரமான எண் இருப்பதற்குக் காரணம் சட்டம்தான். கலிபோர்னியாவில் சாதாரண சி வகுப்பு உரிமத்தோடு 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட கார் டிரெய்லரை இழுக்க முடியாது. தொழிலுக்காக மாநில எல்லை தாண்டுபவர்களுக்கு, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10,001 பவுண்டை எட்டினாலே மத்திய வணிக வண்டி விதிகள் பொருந்தத் தொடங்கும். டிரெய்லர் 10,000 பவுண்டையும் மொத்தம் 26,000 பவுண்டையும் தாண்டினால் வணிக உரிமம் கட்டாயம். சொந்தக் காரைச் சொந்தத் தேவைக்காக ஏற்றுபவர் 7,000 அல்லது 9,990 பவுண்டு வகைக்குள் நின்றுகொண்டால் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை எழுவதில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம், டிரெய்லரின் மேல் இருக்கும் கார் சேதமானால் எந்தப் பாலிசி பொறுப்பேற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் வீட்டுக்கு வந்ததும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் பயணத்தில் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். புதிய ரிம்கள் படியும்போது நட்டுகள் தளர்வது இயல்பு. அதே நிறுத்தங்களில் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியையும் கையால் தொட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால், அதன் பேரிங்கில் கிரீஸ் போதவில்லை அல்லது பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு ஓட்டக்கூடாது. பேரிங்குகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, புதிய கிரீஸ் அடைக்க வேண்டும்.